ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்

ஷர்மிளா போன் செய்தபோது இரண்டு படகு எஞ்சின்களைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் ஆயில். முழங்கையால் தேய்த்துத்தான் போனை எடுக்க முடிந்தது. அந்த இரண்டு எஞ்சினில் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின். அதை ஏன் பிரித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் புரியாது.

ஷர்மிளா நான் பார்த்த வேலைக்கு எனக்குப் பிறகு வந்த பெண். பழைய ரேஸ் கார்களைச் சோதித்து, இது போட்டியில் ஓடலாம், இது ஓடக்கூடாது என்று சொல்கிற வேலை.

“அண்ணே, புதுசா நாலஞ்சு பேர் சேர்ந்திருக்காங்க. முதல் நாளே உங்க கேஸைத்தான் சொல்லிக்கொடுத்தோம். நீங்களே எழுதிக் கொடுத்தா சங்கத்து மலர்ல போட்டுடலாம்.”

“எந்தக் கேஸும்மா?”

“ஜெயசிங் சார் கார்தான் அண்ணே. பெரிய ஆளுன்னு பாக்காம எல்லார் முன்னாடியும் நெஞ்ச நிமித்திச் சொன்னீங்களே.”

அவள் அன்றைக்கு அங்கே இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்கிறாள். நெஞ்சை நிமிர்த்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. சரிம்மா, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஏழாவதோடு நின்றவன் நான். தப்பும் தவறுமாக எழுதினால் சிரிப்பார்களே என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், அந்தக் கதையை அவர்கள் சொல்கிற மாதிரியே விட்டுவிட்டால் புதிதாக வந்த பிள்ளைகள் அதையே செய்வார்களே என்பது. அதனால் எழுதுகிறேன்.

நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன். பெயர் தேசப்பன். வீட்டில் எல்லாரும் கடலுக்கும் ஏரிக்கும் போகிறவர்கள். எனக்கு மட்டும் அலை ஒத்துக்கொள்ளாது. முகத்துவாரம் தாண்டினால் வாந்தி. மீன்பிடிக்கிற வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நைனா என்னைக் காசிமேட்டில் படகு எஞ்சின் பார்க்கிற பட்டறையில் கொண்டுபோய் விட்டார். “இவனுக்குத் தரையில எதுனா வேலை குடு” என்றுதான் சொன்னார். அந்த வார்த்தை வெகுநாள் என்னோடு இருந்தது. அங்கிருந்து ஒரு ரேஸ் கார் ஷெட்டுக்கு வேலைக்குப் போனேன். வண்டிக்கு அடியில் படுத்தே பல வருஷம் ஓடியது. என் கைவேலையைப் பார்த்துவிட்டு வரதன் சார் என்னைத் தனக்கு உதவியாகச் சேர்த்துக்கொண்டார். சங்கத்தில் கார் சோதனைக்கு அவர்தான் தலைமை.

நாங்கள் பார்த்தது பெரும்பாலும் ‘ஹிஸ்டாரிக்’ என்கிற பிரிவு. அதில் வருகிற கார்கள் ஒரே ஒரு ஆள் உட்காருகிறவை. விலாங்கு மாதிரி ஒடுங்கிய உடம்பு, நாலு சக்கரமும் வெளியே, பின்னால் ஒரு சின்ன எஞ்சின். சிலதில் மோட்டார் சைக்கிள் எஞ்சினே இருக்கும். அந்தக் காலத்தில் ஆசைப்பட்டவர்கள் தங்கள் ஷெட்டிலேயே குழாய் வளைத்துக் கட்டிய வண்டிகள். அவற்றுக்குத் தனியாகப் போட்டி வைக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. இது நிஜமாகவே அந்தக் காலத்து வண்டியா, இல்லை அதைப் பார்த்து இப்போது கட்டியதா?

தேய்ந்த பிஸ்டனை மாற்றலாம். நசுங்கிய தகட்டைப் புதிதாக அடிக்கலாம். டயரும் பெல்ட்டும் பெட்ரோல் டேங்கும் உயிர் விஷயம், அவை புதிதாகவே இருக்க வேண்டும். எஞ்சினும் கார்புரேட்டரும் பிரேக்கும் அந்தக் காலத்து வகையாக இருந்தால் போதும். ஆனால் சேசிஸ், அதாவது எல்லாவற்றையும் தாங்குகிற அந்தக் குழாய்ச் சட்டம், அதுவாகவே இருக்க வேண்டும். ஒடிந்த ஒரு குழாயை மாற்றியிருந்தால் சொன்னால் போதும். முழுச் சட்டமும் புதிது என்றால் அது நகல். நகல் போட்டியில் ஓடக்கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. ‘என் வண்டி நகல்’ என்று உரிமையாளரே சோதனைக்கு முன்னால் சொல்லி விலகிக்கொண்டால், மத்தியானம் நடக்கிற கண்காட்சி ஓட்டத்தில் அதை ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, ஆனால் அதே தடம், அதே கூட்டம், கைதட்டல் எல்லாம் உண்டு. அவர் சொல்லாமல் நாம் கண்டுபிடித்து அறிவித்துவிட்டால் அன்றைக்கு அந்த வண்டி தடத்தில் இறங்கவே கூடாது.

வரதன் சார் சோதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சட்டைக் கையை மடித்துவிட்டு, தரையில் சாக்கைப் போட்டு முழங்கால் போடுவார். தொடுவதற்கு அவருக்கு யார் உத்தரவும் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் உரிமையாளரைப் பார்த்து, “தொடலாமா?” என்று கேட்பார். முதலில் விரலின் பின்பக்கத்தால் தொடுவார், குழந்தைக்குச் சுரம் பார்ப்பது போல. பிறகு குழாய் குழாயாக விரலை ஓட்டுவார். கடைசியில் அந்தக் கம்பி வரும். சைக்கிள் ஸ்போக் ஒன்றின் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்துத் துணியில் சுற்றி வைத்திருப்பார். சேசிஸ் குழாயில் எங்காவது ஒரு போல்ட்டைக் கழற்றினால் ஓட்டை கிடைக்கும். அதன் வழியாகக் கம்பியை விட்டுச் சுற்ற வேண்டும். “வெளியே பெயிண்ட் அடிக்கலாம் தேசப்பா. உள்ளே போய் யார் அடிப்பான்?” என்பார். அந்த நாளில் இந்த வண்டிகளுக்கு வாங்கின குழாயில் உள்தையல், அதாவது உள்ளே ஒட்டுப் போட்ட வரி, இருக்காது, கம்பி வழுக்கிக்கொண்டு சுற்றும். பிற்பாடு கடையில் கிடைத்த குழாய் தகட்டைச் சுருட்டி ஒட்டியது. அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி ஓரிடத்தில் ‘டிக்’ என்று தட்டும். துருவையும் பார்க்க வேண்டும். பழைய குழாயிலிருந்து துரு மீன் செதில் மாதிரி பெயர்ந்து வரும். பின்னால் வந்த குழாயில் வெறும் மாவுதான்.

இதெல்லாம் நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளாதது ஒன்று உண்டு. அதுதான் டீ.

வண்டியை நான் ஸ்டாண்டில் ஏற்றி, என் கம்பியை விட்டு ஒரு பார்வை பார்த்து வைப்பேன், அது சோதனைக் கணக்கில் சேராது. வரதன் சார் வருவார். குந்தி உட்கார்ந்து கீழே ஒருமுறை பார்ப்பார். எழுந்து உரிமையாளர் தோளில் கை வைத்து, “வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்” என்பார். வேலிக்கு அந்தப் பக்கம் டீக்கடை. இரண்டு பேர் மட்டும் நடந்து போவார்கள், வேறு யாரும் கூடப் போகக்கூடாது. திரும்பி வந்த பிறகுதான் சோதனை ஆரம்பம். சில சமயம் திரும்பி வரும்போது உரிமையாளரே, “கிளட்ச் சரியில்லைங்க, நான் மத்தியானம் சும்மா ஓட்டிக்கறேன்” என்று சொல்லிவிடுவார். அவர் போன பிறகு நான் கிளட்சை மிதித்துப் பார்ப்பேன். நன்றாகத்தான் இருக்கும். இது என்னடா கூத்து என்று குழம்புவேன். அப்புறம் சந்தேகம் வர ஆரம்பித்தது. தனியாகப் போய் என்ன பேசுகிறார்கள்? ஏதோ பேரமா? நாளைக்கு ஏதாவது பெரிதானால், கீழே கையெழுத்துப் போட்டவன் என்று என்னைத்தானே பிடிப்பார்கள்? ராத்திரி வீட்டுக் கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிற ஆள் நான். இந்தச் சந்தேகம் உள்ளே புகுந்த பிறகு தூக்கம் எங்கே வரும்?

அந்த நாள் காலையில் ஜெயசிங் சார் வந்தார். ராயபுரத்துக்காரர். ஒரு காலத்தில் தானே கட்டிய காரில் ஓடிப் பெயர் வாங்கியவர். அவரைத் தெரியாதவர் அந்த இடத்தில் கிடையாது. இப்போது முழங்கால் போய்விட்டது, ஓட்ட முடியாது. அதனால் மகள் மெர்சி ஓட்டப் போகிறாள். வேறு கார்களில் ரேஸ் ஓட்டியிருக்கிறாள். அப்பா கட்டிய காரை, அப்பா பார்க்க, அப்பா ஓடிய மாதிரி போட்டியில் ஓட்டுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்காகவே ஜெயசிங் சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் கொண்டுவந்திருந்தார். தடத்தின் வளைவு தெரிகிற இடமாகப் பார்த்து அதைப் போட்டார். கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார்.

நான் காரை ஏற்றும்போது மெர்சி உள்ளே உட்கார்ந்தபடியே கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, பாத்து. இது எனக்கு அக்கா மாதிரி” என்றாள். “குழந்தையில அப்பா என்னை மடியில வெச்சிக்கிட்டு இதுலதான் தெருவைச் சுத்துவார். ஸ்டீயரிங்கைக் கடிச்ச பல் தடம்கூட இருந்துச்சாம்.”

“இப்போ இல்லியேம்மா?”

“அதான் எனக்கும் கோபம். யாரோ ஸ்டீயரிங்கை மாத்திட்டாங்க!”

சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே கீழே போய், ஒரு போல்ட்டைக் கழற்றி, கம்பியை விட்டுச் சுற்றினேன். டிக். இன்னொரு குழாய். டிக். முன் பக்கம், பின் பக்கம், எங்கே சுற்றினாலும் தட்டியது. உள்ளங்கையில் விழுந்ததும் மாவுதான், செதில் இல்லை. இவ்வளவு பெரிய மனுஷர் வண்டி. நான் தப்பாகப் பார்க்கிறேனோ?

வரதன் சார் வந்தார். குந்தி உட்கார்ந்தார். குழாய்கள் சேருகிற ஓரிடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். எழுந்து ஜெயசிங் சார் தோளில் கை வைத்தார்.

“ஜெயசிங், வாங்க. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்.”

சுற்றிலும் வேறு கார்க்காரர்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தர் வாய்க்காரர். “நமக்கெல்லாம் டீக்கு அப்புறம் ஸ்பேனர். இவரு சிநேகிதன் ஆச்சே. இன்னா தேசப்பா, டீயிலயே பாஸா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த நேரத்தில் என் மனதில் வந்தது எங்கள் ஊர்ச் சபை. பழவேற்காட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் சிலதான். யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பாடு எல்லாருக்கும் கிடையாது. கல்யாணம் ஆகி, ஊரில் குடியிருந்து, ஒரு வருஷமாவது வலை பிடித்தவனாக இருக்க வேண்டும். சீட்டு எடுக்குமுன் கோயில் எதிரில் எல்லாரையும் உட்கார வைத்து ஊர்ப் பெரியவர் கேட்பார்: “யார் மேலனா தடை இருந்தா இப்பவே எழுந்து சொல்லிடுங்கோ.” சபை கூடிவிட்டால் தனியாகக் குசுகுசுப்பவனுக்கு அபராதம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தரம் நைனா எழுந்து நின்றார். தன் கூடப்பிறந்த தம்பியின் பெயரைச் சொல்லி, இவன் இந்த வருஷம் வெளியூரில் கூலிக்குப் போய்விட்டான், இவனுக்குப் பாடு கிடையாது என்று சத்தமாகச் சொன்னார். சித்தப்பா தலையைக் குனிந்து ஒத்துக்கொண்டார். ஊரே அசந்துபோனது. நியாயம் என்றால் இதுதான் என்று என் மனதில் பதிந்துவிட்டது. பட்டணத்தில் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

“சார்,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “டீ அப்புறம் குடிக்கலாம் சார். இந்த சேசிஸு புதுசு.”

வரதன் சார் திரும்பினார். “மெதுவா தேசப்பா.”

மூடி மறைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “மெதுவா இன்னாத்துக்கு சார்? எல்லாரும் கேக்கட்டும். சுத்திலும் தையல் தட்டுது. உள்ள வெறும் மாவு. இது அந்த வண்டியே இல்ல.”

சிரிப்பு நின்றது.

மெர்சிதான் முதலில் பேசினாள். கோபம்கூட இல்லை. “இல்லண்ணா, நீங்க தப்பா பாத்திருப்பீங்க. நான் இதுல உக்காந்திருக்கேனே. அப்பா, சொல்லுங்கப்பா.”

ஜெயசிங் சார் அவளைப் பார்க்கவில்லை. நாற்காலி போட்ட இடத்தைப் பார்த்தார்.

“அவர் சொல்றது சரிதான்மா.”

“எது சரி?”

“நீ உக்காந்தது இது இல்ல. அதை நான் வெட்டிப் போட்டுட்டேன்.”

“எப்போ?”

“இனிமே ரேஸ் கிடையாதுன்னு ஆனப்போ. ஒரு கோபத்துல ஹேக்ஸாவை எடுத்து... துண்டு துண்டா. நீ ஹாஸ்டல்ல இருந்தே. லீவுக்கு வந்தா முதல்ல ஷெட்டுக்குத்தான் ஓடுவே. அதான் நீ வர்றதுக்குள்ள திரும்பக் கட்டிடணும்னு கட்டினேன். கிடைச்ச குழாயில.”

அத்தனை பேர் முன்னால் சொன்னார். அவரோடு ஓடியவர்கள், அவரைப் பார்த்து ரேஸுக்கு வந்தவர்கள், எல்லாரும் நின்றார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மெர்சி கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள்.

வரதன் சார் ஜெயசிங் சார் பக்கத்தில் போய் நின்றார். பிறகு மிகவும் சன்னமாக, “இனிமே என் கையில ஒண்ணும் இல்ல ஜெயசிங்” என்றார். தடத்தில் இறங்கக்கூடாது என்கிற சிவப்பு ஸ்டிக்கரை வண்டியில் அவரே ஒட்டினார். என்னை ஒட்டச் சொல்லவில்லை. அதற்குள் சிலர் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாய்க்காரர், “சபாஷ்டா” என்றார். எனக்கு உள்ளே கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது.

மத்தியானம் கண்காட்சி ஓட்டம். பழைய வண்டிகளும் நகல்களும் ஒன்றாகத் தடத்தில் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் கைதட்டியது. அந்த நேரத்தில் அப்பாவும் மகளும் காரை லாரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெர்சி ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். ஜெயசிங் சார் அந்த முழங்காலோடு பின்னால் தள்ளினார். நான் ஓடிப்போய்க் கை வைத்தேன்.

“வேணாம் தம்பி,” என்றார். “கனம் இல்ல.”

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வந்திருந்தால் ஜெயசிங் சாருக்குக் கிளட்ச் சரியில்லாமல் போயிருக்கும். மெர்சி இந்நேரம் தடத்தில் இருந்திருப்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவர் வீட்டுக்குப் போய் முடிவு செய்திருப்பார்.

சாயங்காலம் வரதன் சார் கம்பியைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார். “நீ பார்த்தது தப்பில்ல. சொன்னதும் தப்பில்ல. நான் டீக்கு எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நெனச்சே, இத்தனை நாளா?”

பதிலுக்கு எங்கள் ஊர்ச் சபையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் எதுவானாலும் முகத்துக்கு நேராக, எல்லார் முன்னாலும்தான் என்று. நைனாவையும் சித்தப்பாவையும் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலில் பழைய பெருமை ஏறியது. அவர் முழுவதும் கேட்டார்.

“நல்ல ஊரு,” என்றார். கம்பியைப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த வருஷம் மெர்சி அந்தக் காரைக் கண்காட்சி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தாள். தனியாக வந்தாள். அப்பா எங்கே என்று கேட்கப் பயந்துகொண்டு நான் நின்றேன். அவளே சொன்னாள். “அப்பா வரலண்ணா. இங்க யார் முகத்தையும் பாக்க முடியலையாம். நாற்காலி மட்டும் லாரியிலேயே கெடக்குது.” அவள் ஓட்டினாள். கூட்டம் கைதட்டியது. வளைவு பக்கம் நான் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தவரை அவர்கள் வரவில்லை. உரிமையாளர்களை டீக்கு அழைத்துப் போவதை அதற்குப் பிறகு நானும் கற்றுக்கொண்டேன். வரதன் சார் போன பிறகு என் முறை வந்தபோது ஒருத்தர் வண்டியைக்கூட நான் டீ இல்லாமல் சோதித்ததில்லை. ஆனால் ஷர்மிளா வந்தபோது அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொன்னால் ஜெயசிங் சார் கதையைச் சொல்ல வேண்டிவருமே என்று வெட்கம். நான் சொல்லாமல் விட்ட கதையை மற்றவர்கள் வேறு மாதிரி சொல்லிவிட்டார்கள்.

ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவி கஸ்தூரியும் குப்பத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். படகு எஞ்சின் வேலை வாசலுக்கே வருகிறது. ஊர்ப் பிள்ளைக்கு யார் தடை சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து, இந்த வருஷப் பாடு சீட்டுக்கு என் பெயரைக் கொடுத்தேன்.

“கடல்ல வாந்தி எடுக்குற ஆளுக்குப் பாடு கேக்குதா?” என்றாள் கஸ்தூரி.

“ஏரியில ஏதுடி அலை?”

“இறாலு சிரிக்கப் போவுது உன்னப் பாத்து.”

இறாலுக்காக இல்லை. கோயில் எதிரில் நைனா பெயரையும் அண்ணன் பெயரையும் கூப்பிட்ட மாதிரி என் பெயரையும் ஒரு தரம் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒரு பழைய எஞ்சினை வாங்கிச் சரிசெய்து, நன்றாக ஓடுகிற மாதிரி வைத்திருந்தேன். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், பிடித்துக்கொள்ளும்.

சீட்டுக்கு முந்தின நாள் ஏழுமலை வந்தான். கஸ்தூரியின் தம்பி. இப்போது ஊர்ப் பெரியவர் அவன்தான். அவன் நைனாவும் ஒரு காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர்.

“மாமா, வா, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்.”

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கடையில் டீ வாங்கிக்கொண்டு, கிளாசோடு கரையோரம் நடந்தோம். ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் சிலர் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள், கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு.

“எஞ்சின் வேலை நெறைய கீதா மாமா?”

“கீது.”

“நாளைக்குக்கூட கீதா?”

அவன் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக் கேட்டான். எனக்கு அங்கேயே கால் நின்றுவிட்டது.

“நான் வந்து இன்னும் ஒரு வருசம் ஆவல, வலையும் புடிக்கல. அதானே?”

“நான் ஒண்ணும் சொல்லலியே மாமா.”

“சபையில சொல்லு மச்சான். எழுந்து நின்னு சொல்லு. தனியா கூட்டிக்கினு வந்து பேசுறது நம்ம ஊரு வழக்கமா?”

ஏழுமலை சிரித்துவிட்டான். “அபராதம் சபைல குசுகுசுன்னா. முந்தின நாளு கரையில நடந்தா எவன் கேப்பான்? எப்பவும் இதான மாமா வழக்கம்.”

“இன்னாடா எப்பவும்? எங்க நைனா கூடப்பொறந்த தம்பியவே சபையில எழுப்பிச் சொன்னாரு. என் கண்ணால பாத்தேன்.”

“அதுக்கு முந்தின நாளு அவுங்க ரெண்டு பேரும் இதே கரையில நடந்தாங்கோ. எங்க நைனாவும் கூடப் போனாரு, அவர்தான் சொல்லுவாரு. உங்க சித்தப்பாதான் கேட்டுக்கினாராம், ‘வெளியாளு எவனா சொன்னா எனக்கு அவமானமாப் பூடும். நீயே எழுந்து சொல்லு அண்ணா, நான் தலையாட்டுறேன்’னு.”

“எனக்குத் தெரியாதேடா.”

“உனக்கு எப்டித் தெரியும்? சின்னப் புள்ளையிலயே பட்டணம் பூட்ட. சபைய மட்டும் பாத்துட்டுப் பூட்ட மாமா.”

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்தேன். ஊர்ப் பழக்கம், ஊர்ப் பழக்கம் என்று சொல்லிக்கொண்டு போய் ஒரு மனுஷரை அத்தனை பேர் முன்னால் நிறுத்தினேனே. அது எந்த ஊர்ப் பழக்கம்? “நல்ல ஊரு” என்று வரதன் சார் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஏழுமலை அவசரப்படுத்தவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் நின்றான். வரதன் சாரும் இப்படித்தான் நின்றிருப்பார், வேலிக்கு அந்தப் பக்கம்.

“நாளைக்கு வர முடியாது மச்சான்,” என்றேன். “ரெண்டு எஞ்சின் பிரிச்சிப் போட்டுட்டேன். எம் பேர எடுத்துடு.”

“சரி மாமா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்,” என்றான். கிளாசை என் கையிலிருந்து அவனே வாங்கிக்கொண்டான்.

உண்மையில் பிரித்திருந்தது ஒன்றுதான். மறுநாள் காலையில் என் எஞ்சினையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாராவது வாசலில் வந்து பார்த்து, இரண்டு என்று சொன்னானே, ஒன்றுதானே இருக்கிறது என்று நினைத்துவிட்டால்? போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கஸ்தூரி வெளியே வந்து பார்த்தாள்.

“நல்லாத்தானே ஓடிக்கினு இருந்திச்சி?”

“சத்தம் சரியில்ல,” என்றேன்.

கோயில் பக்கமிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஷர்மிளாவின் போன் அடித்தது.